அப்பத்தாவின் சேலை என்ன நிறம்?

போன தீபாவளிக்குக் கீழச்சிவல்பட்டியில் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு போட்டோ.

1964இல் அப்பத்தாவுக்கும் ஐயாவுக்கும் கல்யாணம் ஆனபோது எடுத்த படம் அது. ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்பத்தா பக்கத்தில் நிற்பார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு கிடையாது. கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரி விறைப்பாக இருப்பார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற படம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான்.

சித்தப்பா மகன் அதை செல்போனில் படம் பிடித்து, ஒரு செயலியில் போட்டு, ஒரே நிமிடத்தில் கலர் படமாக மாற்றிவிட்டான். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேமும் போட்டு, தீபாவளிப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். அப்பத்தா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் சேலை இல்லையே. நான் கட்டியிருந்தது அரக்குச் சேலை, மஞ்சக் கரை. இது நீலமால்ல இருக்கு. உங்க ஐயாவும் இம்புட்டுச் செவப்புக் கெடையாது."

"கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுப் போடுறது அப்பத்தா, சரியாத்தான் இருக்கும்" என்றான் தம்பி.

"அது என் கல்யாணத்துக்கு வந்திருந்துச்சா?" என்று கேட்டார் அப்பத்தா.

தம்பிக்குக் கோபம். சித்திக்கு வருத்தம். அந்தக் கலர் படத்தை எங்கே மாட்டுவது என்று தொடங்கி, பழைய படத்தைக் கழற்றலாமா கூடாதா என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் பலகாரத் தட்டு வந்ததும் நின்றது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனதிலேயே தங்கிவிட்டது. கருப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது சரிதானா என்று யோசிக்க வைத்ததும் அதுதான்.

கருப்பு வெள்ளை ஏன் பிடிக்கிறது என்று கல்லூரியில் நண்பர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "பழைய காலத்து ஃபீலிங் கிடைக்குது." உண்மைதான். செல்போனில் ஒரு தட்டு தட்டினால் நேற்று எடுத்த படம் ஐம்பது வருடம் பழசாகிவிடுகிறது. சாதாரண டீக்கடை கூட ஏதோ சரித்திரம் மாதிரி தெரிகிறது. ஆனால் எனக்கு இந்தக் காரணத்தில் உடன்பாடு இல்லை. கருப்பு வெள்ளையின் அழகு அதன் வயதில் இல்லை. அது நிறம் என்ற ஒரு பெரிய விஷயத்தை விட்டுவிடுகிறது. விட்டதை மறைக்காமல், விட்டுவிட்டேன் என்று நேராகவே சொல்கிறது. அதன் ஈர்ப்பும் அங்கேதான் இருக்கிறது, அதன் சிரமமும் அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்துக்குக் கேமரா வந்த கதையிலிருந்தே தொடங்கலாம். லினியஸ் ட்ரைப் என்று ஒரு கம்பெனி ராணுவ அதிகாரி இருந்தார். மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக வேலை பார்த்தவர். 1858இல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படங்கள் எடுத்தார். எங்கள் ஊரிலிருந்து திருமயம் வழியாகப் பஸ்ஸில் போனால் புதுக்கோட்டை ரொம்ப தூரமில்லை. அதாவது, எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் பல கட்டப்படுவதற்கு முன்பே இந்த வட்டாரத்துக்குக் கேமரா வந்துவிட்டது.

அன்றைய ரசாயனங்களுக்கு எல்லா நிறமும் தெரியாது. நீலம் நன்றாகப் பதியும். சிவப்பு ஏறக்குறைய பதியவே பதியாது. அதனால் நீல வானம் படத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? சில நெகட்டிவ்களின் மேலேயே மேகங்களைத் தீட்டிவிட்டார்! அந்தப் படங்களில் நாம் பார்க்கும் மேகங்கள் அன்றைக்கு வானத்தில் இருந்தவை அல்ல. நூற்று அறுபது வருடங்களுக்கு முன் அவர் மேகத்தில் செய்ததைத்தான் என் தம்பி சேலையில் செய்திருக்கிறான்.

ஆகவே கருப்பு வெள்ளை என்றால் உண்மை, கலர் என்றால் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பொய் சொல்ல நினைத்தால் எதிலும் சொல்லலாம். நம் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் தொட்டு முகத்துச் சுருக்கத்தை எடுத்துவிடும் டச்சிங் வேலைக்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அதே ட்ரைப் அதே 1858இல் இன்னொரு காரியமும் செய்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். அங்கே அவர் எதையும் தீட்ட வேண்டியிருக்கவில்லை. கல்லில் வெட்டிய எழுத்துக்கு நிறம் எதற்கு? பள்ளத்தில் விழுகிற நிழல் போதும், எழுத்து தெரிந்துவிடும். (இவ்வளவு செய்த மனிதரின் வேலையை, இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அரசாங்கம் சில வருடங்களிலேயே நிறுத்திவிட்டது. செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள்.)

ட்ரைப் செய்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கருப்பு வெள்ளையின் இலக்கணம் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒரு பொருளின் உயிர் வெளிச்சத்திலும் நிழலிலும் இருந்தால் கருப்பு வெள்ளை அதைக் கலரைவிட நன்றாகச் சொல்லும். அதன் உயிர் நிறத்தில் இருந்தால் கருப்பு வெள்ளைக்குக் கை கட்டிப் போய்விடும்.

இந்த மீதிப் பாதியை நான் சொந்தமாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நண்பனிடம் கேமராவைக் கடன் வாங்கி, ஒரு வாரம் முழுக்க ஊரில் கருப்பு வெள்ளை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். அதுவும் எடுத்த பிறகு மாற்றுவது இல்லை. திரையிலேயே கருப்பு வெள்ளையாகப் பார்த்து எடுப்பது.

முதல் நாள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை எடுத்தேன். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்து பூப்பூவாக இருக்கும் தரை. படத்தில் பார்த்தால் ஏதோ அழுக்குப் படிந்த சிமெண்ட் மாதிரி இருந்தது. அடுத்து அத்தையின் கண்டாங்கிச் சேலை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, கட்டம் போட்டு அத்தனை அழகாக இருக்கும். படத்தில் உடம்பும் கரையும் ஒன்றாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? நான் படிப்பது பி.காம். என்பதால் கணக்காகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அதைச் சாம்பல் நிறமாக மாற்ற வழக்கமாகப் பயன்படும் ஒரு கணக்கில், சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7 சதவீதம், நீலத்தில் 11.4 சதவீதம் எடுத்துக் கூட்டுகிறார்கள். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் குறைந்த வெளிச்சமாகவும் தெரியும் என்பதால் இந்தப் பங்கு. கலர் டிவி வந்த காலத்தில் உருவான கணக்கு இது.

இப்போது நல்ல இரத்தச் சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 255இல் 29.9 சதவீதம், அதாவது 76. அடுத்து ஒரு இலைப் பச்சை, எண் 130 என்று வைத்துக்கொள்வோம். அதில் 58.7 சதவீதம் எவ்வளவு? அதுவும் 76! சிவப்புச் சேலைக்குப் பச்சைக் கரை போட்டால், படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். கரை காணாமல் போய்விடும். கண்ணுக்கு எதிரெதிராக நிற்கிற இரண்டு நிறங்கள் கருப்பு வெள்ளையில் ஒரே ஆளாகிவிடுகின்றன.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 76 என்ற சாம்பலை மட்டும் கையில் கொடுத்து, இது என்ன நிறம் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? சிவப்பாக இருக்கலாம், பச்சையாக இருக்கலாம், நூற்றுக்கணக்கான வேறு நிறங்களாகவும் இருக்கலாம். வரவு செலவின் நிகரத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்பது மாதிரி. செயலி செய்வது இதைத்தான். லட்சக்கணக்கான கலர் படங்களைப் பார்த்துப் பழகி, இந்த மாதிரி இடத்தில் இந்த நிறம் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறது. ஊகிப்பதில் தப்பில்லை. ஊகம் என்று சொல்லாததுதான் தப்பு. சேலை நீலம் என்றும் ஐயா வெள்ளைத்தோல் என்றும் அது சந்தேகமே இல்லாமல் வரைந்து கொடுத்தது. பழைய படமோ அந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டில் எது நேர்மை?

மறுபடியும் என் ஒரு வாரத்துக்கு வருகிறேன். இரண்டாவது சிரமம் வெளிச்சம். எங்கள் பக்கத்து வீடுகளில் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தூண்கள். மதிய நேரத்தில் முற்றத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும், தாழ்வாரத்தில் கும்மிருட்டு. நம் கண் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொள்ளும். கேமராவால் முடியாது. முகம் தெரிய எடுத்தால் முற்றம் வெந்து வெள்ளையாகிவிடுகிறது. முற்றம் தெரிய எடுத்தால் அப்பத்தா நிழலுருவமாகிவிடுகிறார். கலர் படத்தில் நிறமாவது ஒப்பேற்றிவிடும். கருப்பு வெள்ளையில் தப்பித்துக்கொள்ள வழியே இல்லை.

அது போதாதென்று கேமராவுக்குள் இருக்கும் மீட்டரும் நம்மை ஏமாற்றும். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்வது அதன் குணம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பளபளவென்ற சுவரை எடுத்தால், இவ்வளவு வெள்ளை இருக்காதே என்று குறைத்துவிடுகிறது. சுவர் சாம்பலாகிவிடும். கருங்கல் தூணை எடுத்தால், இவ்வளவு கருப்பு இருக்காதே என்று கூட்டிவிடுகிறது. தூணும் சாம்பல்! வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வெளிச்சத்தை நாமாகக் கூட்ட வேண்டும், கருப்பைக் கருப்பாகக் காட்ட நாமாகக் குறைக்க வேண்டும். மாநிறமான நம் முகங்களுக்கும் இதே கவனம் வேண்டும். எந்திரம் சொன்னதைக் கேட்டால் நமக்குக் கிடைப்பது வெறும் சாம்பல்தான்.

ஆனால் நான்காம் நாள் காலையில் ஒன்று நடந்தது. விடிகிற நேரம், அப்பத்தா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஈர மண் கருப்பாக இருந்தது, மாவு வெள்ளையாக இருந்தது. பக்கவாட்டிலிருந்து வந்த இளவெயில் அவர் கை நரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. கலரில் எடுத்திருந்தால் கண் நேராகப் பக்கத்தில் இருந்த நீலப் பிளாஸ்டிக் வாளிக்குத்தான் போயிருக்கும். கருப்பு வெள்ளையில் வாளி பேசாமல் ஒதுங்கிக்கொண்டது. கையும் கோலமும் மட்டும் மிஞ்சின. அறுபது வருடமாக அந்தக் கை வாசலில் செய்துவந்த வேலை எனக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

கருப்பு வெள்ளையின் ஈர்ப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். பழமை இல்லை, இந்த விலக்கல். காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு எடுத்த படத்தில் பழமை எங்கிருந்து வரும்?

அப்படியானால் உணர்ச்சியான விஷயங்களுக்கு எப்போதும் கருப்பு வெள்ளைதான் சரி என்று சொல்லலாமா? பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த மிகக் கொடுமையான உதாரணம் அதை மறுக்கிறது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு தொடங்கி 3ஆம் தேதிக்குள் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அங்கே மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை இரண்டு போட்டோகிராபர்கள் எடுத்தார்கள். ரகு ராய் எடுத்தது கருப்பு வெள்ளை. பாப்லோ பார்த்தலோமியூ எடுத்தது கலர். ஒரே குழந்தை, ஒரே குழி.

ரகு ராய் படத்தில் அந்த முகம் கல்லில் செதுக்கியது மாதிரி ஆகிவிடுகிறது. அது ஒரு குழந்தையாக இல்லாமல் எல்லாக் குழந்தைகளுமாக ஆகிறது. பார்த்தலோமியூ படத்தில் மண் மண் நிறத்திலேயே இருக்கிறது, தோல் தோல் நிறத்திலேயே இருக்கிறது. அந்தக் குழந்தை ஏதோ ஒரு குழந்தையாக இல்லை, இந்தக் குழந்தையாகவே இருக்கிறது. நேற்று வரை உயிரோடு இருந்தது என்பது தாங்க முடியாமல் தெரிகிறது. அந்த வருடத்தின் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு கலர் படத்துக்குத்தான் போனது. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இரண்டும் இரண்டு வேறு காரியங்களைச் செய்கின்றன என்பது மட்டும் தெரிகிறது. ஒன்று நினைவுச் சின்னம் எழுப்புகிறது. இன்னொன்று சாட்சி சொல்கிறது.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பக்கம் பற்றி எனக்கு ஒரு வருத்தம். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. கேமராவோடு வருபவர்களுக்கும் குறைவில்லை. வரட்டும், நல்லதுதான். ஆனால் அவர்களில் நிறையப் பேர் படங்களைக் கருப்பு வெள்ளையாக்கித்தான் வெளியிடுகிறார்கள். பூட்டிய கதவு, நீளமான நிழல், திண்ணையில் தனியாக ஒரு கிழவி. பார்த்தால் ஊரே செத்துப்போன மாதிரி இருக்கும். அந்தக் கிழவி ரேஷன் கடையில் அரிசி வாங்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார். பத்தடி தள்ளி ஸ்கூட்டியில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் படத்துக்கு வெளியே. உயிரோடு இருப்பவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளிச்சத்துக்காகக் கருப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் அது கலை. ஊருக்கு வயதைக் கூட்டிக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தால் அது வெறும் மேக்கப்.

கலரில்லாப் படத்துக்குக் கலர் பூசுவதும், கலருள்ள ஊரிலிருந்து கலரை உருவுவதும் எனக்கு ஒரே தப்பாகத்தான் படுகிறது. இரண்டிலும், எதிரே இருப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லை.

"அதெல்லாம் சரி, அந்தக் காலத்தில் யாரும் கருப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுக்கவில்லையே, வேறு வழியில்லாமல் தானே எடுத்தார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1964இல் எங்கள் ஐயா கலரா, கருப்பு வெள்ளையா என்று யோசித்திருக்க மாட்டார். ஆனால் வேறு வழியில்லாததால் வந்த ஒரு ஒழுங்கு அதில் இருந்தது. அப்போதைய ஸ்டூடியோக் கேமராக்கள் பலவற்றில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். ஃபிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. படம் எடுப்பவரும் சரி, எடுத்துக்கொள்பவர்களும் சரி, அந்த ஒரு நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த விறைப்பு அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் செல்போனில் 300 படம். ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கருப்பு வெள்ளை ஃபிலிமை நம் தமிழ்நாட்டிலேயே செய்தார்கள் என்பது என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஊட்டியில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. கலரும், பிறகு டிஜிட்டலும் வந்ததில் நொடித்துப்போய், நலிந்த நிறுவனமாகி, கடைசியில் மூடப்பட்டது. உலகத்துக்கே ஃபிலிம் விற்ற கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இதில் வேடிக்கை, முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்ததே கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர்தான். ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிய அதற்கு 23 விநாடி ஆனதாம். அந்தப் படம் என்ன நிறம் தெரியுமா? கருப்பு வெள்ளை! டிஜிட்டலும் கருப்பு வெள்ளையில்தான் பிறந்தது. 2012இல் லைக்கா நிறுவனம் கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றை வெளியிட்டபோது சிரித்தவர்கள் உண்டு. ஆனால் வாங்கவும் ஆள் இருந்தார்கள். வேறு வழி நிறைய இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் வீட்டில் 1980களில் எடுத்த கலர் ஆல்பம் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் இப்போது செம்மஞ்சளாக, காமாலை வந்தவர்கள் போல இருக்கிறார்கள். கலர் பிரிண்டில் இருப்பது சாயம். சாயம் காலப்போக்கில் வெளுக்கும், அதுவும் மூன்று சாயமும் ஒரே வேகத்தில் வெளுக்காது. கருப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவி ஹைப்போவை நீக்கியிருந்தால் அது எளிதில் போகாது. 1964இன் அப்பத்தா இன்னும் தெளிவாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் சாயமும் வெள்ளியும் செய்யாத வேலையை நாமே செய்துவிடுகிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போனால் பார்க்கலாம். தேக்குப் பிரேமுக்குள், யாருடைய தாத்தாவோ, யாருடைய கல்யாணமோ. நான் ஒரு கடையில் விலை கேட்டேன். சொன்ன விலை பிரேமுக்கு. "உள்ள இருக்க போட்டோ வேணாமுன்னா எடுத்துட்டுத் தர்றேன்" என்றார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை, பெயர் தெரியாத முகத்துக்குச் சந்தையில் விலை கிடையாது. பெயர் தெரியாமல் போனதற்கு அந்த வீட்டுக்காரர்கள்தான் பொறுப்பு.

எங்கள் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரை நினைத்துக்கொள்கிறேன். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போய்ப் போட்டோ எடுக்கப் படித்தவர். காந்தியைப் பற்றி யார் யாரோ எடுத்த படச்சுருள்களை ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றித் தேடி, 50,000 அடி வரை சேகரித்து, 1940இல் தமிழில் ஆவணப்படமாக வெளியிட்டார். அப்படிப்பட்ட படமே பிறகு பல பத்தாண்டுகள் காணக் கிடைக்காமல் போயிற்று. 1953இல் ஆங்கிலத்தில் வந்த வடிவத்தின் சுருக்கமான பிரதி ஒன்றை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டுபிடித்தார். காந்தி படத்துக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டு ஐயாக்கள் எம்மாத்திரம்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையைச் செய்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் ஒவ்வொரு வீட்டு முகப்புக்கும் அவர்கள் வந்துகொண்டிருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. படத்தை வெயில் படாத, ஈரம் ஏறாத சுவருக்கு மாற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே வைத்துப் பிரதி எடுங்கள். செயலியில் போட்டுக் கலர் ஆக்கத்தான் வேண்டுமென்றால் ஆக்கிக்கொள்ளுங்கள், சந்தோஷமாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் நிறம் கற்பனை என்று கீழே எழுதிவிடுங்கள், மூலப் படத்தைக் கழற்றிப் பரணில் போடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தப் படத்தில் இருப்பவர் இன்னும் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நானும் கேட்டேன். தீபாவளிக்கு மறுநாள் சண்டை ஆறியிருந்தது. தம்பியே பழைய படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அப்பத்தா மடியில் வைத்தான். அப்பத்தா ஒவ்வொன்றாகச் சொன்னார். சேலை அரக்கு, கரை மஞ்சள். ரவிக்கை பச்சை, அது பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கியது. ஐயாவின் சட்டை வெள்ளை, கல்யாணத்துக்கென்று தைத்தது. பின்னால் இருக்கும் திரையில் வரைந்திருந்தது என்ன மரம் என்று மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. இரவல் ரவிக்கை விஷயம் எங்கள் அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு, படத்துக்குப் பின்னால் பிரேமுக்குள் வைத்திருக்கிறோம். மரத்துக்கு நேரே மட்டும் "தெரியவில்லை" என்று எழுதினான் தம்பி. கலர் படம் இப்போது சித்தப்பா வீட்டில் இருக்கிறது. பழைய படம் பழைய ஆணியிலேயே இருக்கிறது.